ஆறு வருஷம் நிழலில் கிடக்கிற வேர்

நேயர்களுக்கு வணக்கம். ஜின்செங் என்கிற மருந்து வேரைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம் ஊரில் அமுக்கராக் கிழங்கை 'இந்திய ஜின்செங்' என்று டப்பாவில் போட்டு விற்கிறார்கள் இல்லையா, அதனால் இரண்டும் ஒன்றுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். அமுக்கரா கத்திரிக்காய்க் குடும்பத்துச் செடி. அதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கொரியர்கள் இதை இன்சாம் என்பார்கள். 'இன்' என்றால் மனிதன். நல்ல வேராக ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் தலை, உடம்பு, பிரிந்து நிற்கும் இரண்டு கால் எல்லாம் தெரியும். தண்டு ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் பட்டுப்போய் வேரின் தலையில் ஒரு தழும்பை விட்டுவிட்டுப் போகும், அதை எண்ணித்தான் வயசு சொல்வார்கள், மாட்டுக்குப் பல் பார்க்கிற மாதிரி.

தென்கொரியாவில் இதற்குப் பேர்போன ஊர் கும்சான். அங்கே ஜின்செங் பயிரிடும் முறையை ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 2018இல் உலக வேளாண் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சும்மா சேர்க்கவில்லை, அந்த விவசாயிகளின் பொறுமை அப்படி. விதைக்கும் முன்னாலேயே ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ நிலத்தைத் திரும்பத் திரும்ப உழுது, பசுந்தாள் போட்டுப் பழுக்க வைக்கிறார்கள். ஜூலையில் சிவப்பாகப் பழுக்கும் பழத்திலிருந்து எடுத்த விதை அப்படியே முளைக்காது. மணலோடு கலந்து ஏறக்குறைய நூறு நாள் விடாமல் தண்ணீர் ஊற்றினால்தான் ஓடு வாய் பிளக்கும். இலையுதிர் காலத்தில் விதைத்தால் அடுத்த வசந்தத்தில் தலைகாட்டும், அதுவும் முதல் வருஷம் முழுக்க மூன்றே மூன்று சிற்றிலைதான்!

நேர் வெயில் ஆகாது. அதனால் வடக்குப் பக்கம் உயரமாகவும் தெற்குப் பக்கம் தாழ்வாகவும் சாய்ந்த பந்தல் போடுவார்கள். முன்பு வைக்கோல், இப்போது நிழல்வலை. அதற்கடியில் நாலு வருஷம், ஆறு வருஷம் என்று கிடக்கும். தோண்டி எடுத்த பிறகு அதே நிலத்தில் மறுபடி ஜின்செங் வைத்தால் வேரழுகல் நோய் வந்து பயிர் போய்விடும், மேட்டு நிலமென்றால் பத்து வருஷமாவது காத்திருக்க வேண்டும். அதனால்தான் நிறையப் பேர் குத்தகை நிலம் தேடி ஊர் ஊராக நகர்ந்துகொண்டே இருக்கிறார்கள்.

பச்சையாக விற்பது சுசாம், உலர்த்தினால் பெக்சாம், ஆவியில் வேகவைத்துக் காயவைத்துச் சிவந்தது ஹோங்சாம். வேகவைப்பது புதுசும் இல்லை, 1123இல் கொரியா வந்துபோன சீனத் தூதர் ஒருவரே இதை எழுதி வைத்திருக்கிறார். சும்மா உலர்த்தியதைவிட இது வெகு காலம் கெடாது, வெந்ததில் வேதிப்பொருள்களும் கொஞ்சம் மாறிவிடுகின்றன.

சரி, மருந்து? 1613இல் அச்சான, அரண்மனை வைத்தியர் ஹோ ஜுன்னின் 'தொங்குய் போகாம்' என்ற மருத்துவ நூல் தொடங்கி கொரிய வைத்தியம் இதைச் சோர்வுக்கும், மூச்சுத் திணறலுக்கும், செரிமானக் குறைவுக்கும் சொல்கிறது. ஆனால் எல்லாருக்கும் கிடையாது. குளிர்ந்த உடம்புக்காரருக்குக் கொடு, சூட்டு உடம்புக்காரரிடம் யோசித்துக் கொடு என்பார்கள். நமக்குப் பழக்கமான கணக்குதான். சர்வரோக நிவாரணி என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம், மருந்தின் வேலையைக் கெடுத்துவிடலாம். அப்புறம், ஜின்செங் டீத் தூள் வாங்குகிறவர்கள் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். நான் ஆசையாக வாங்கிய ஒன்றில் முக்காலே மூணுவீசம் சர்க்கரை.

கோடையில் 'போக்' என்று மூன்று நாள் உண்டு. கொளுத்துகிற அந்த வெயிலில்தான் கொரியர்கள் கொதிக்கக் கொதிக்க சாம்கேதாங் குடிப்பார்கள், சூட்டைச் சூட்டால் அடக்குவதாம். குட்டிக் கோழிக்குள் பசையரிசி, பூண்டு, இலந்தை, ஒரு ஜின்செங் வேர். முதல் தடவை அந்த வேரைக் கறிவேப்பிலை மாதிரி எடுத்து ஓரமாக வைத்துவிட்டேன். பரிமாறிய அம்மாள் வந்து பார்த்தார், ஒன்றும் பேசவில்லை, அதை எடுத்துத் திரும்ப என் கிண்ணத்திலேயே போட்டுவிட்டுப் போனார்.