ஸ்ட்ரிப் விலையும் சர்க்கரை நோயாளியின் மாதச் செலவும்

வணக்கம். இந்த வாரம் கேழ்வரகு அடை செய்து காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். அதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்கிறேன். நேற்று மருந்துக் கடையில் எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

எனக்கு டைப் 1, அதாவது உடலில் இன்சுலின் சுரக்காததால் தினமும் ஊசியில் போட்டே ஆக வேண்டிய சர்க்கரை நோய் என்பதும், சாப்பாட்டுக்கு முன்னும் படுக்கப் போகும் முன்னும் விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பவள் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் ரத்தத் துளியை வைத்துப் பார்க்கும் சிறு பட்டைதான் ஸ்ட்ரிப்; ஒன்றை ஒருமுறைதான் பயன்படுத்த முடியும். 50 ஸ்ட்ரிப் கொண்ட பெட்டியின் மேல் அச்சிட்ட விலை 1,050 ரூபாய். வழக்கமான கடையில் 20 சதவீதம் குறைத்து 840 ரூபாய்க்குக் கொடுப்பார்கள். நேற்று, இனி 10 சதவீதம்தான் என்று சொல்லி 945 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். ஒரு ஸ்ட்ரிப் 16 ரூபாய் 80 காசிலிருந்து 18 ரூபாய் 90 காசாகிவிட்டது. மாதத்துக்கு 120 ஸ்ட்ரிப் என்றால் 2,016 ரூபாயாக இருந்த செலவு 2,268 ரூபாய். கூடுதலான 252 ரூபாயில் என் இன்சுலின் குப்பி ஒன்றையே வாங்கிவிடலாம்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன்: நான் போடுவது அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள, விலைக் கட்டுப்பாட்டுக்குள் வரும், ஒரு மில்லிக்கு 40 யூனிட் கொண்ட மனித இன்சுலின் என்ற வகை. மருந்து கைக்கெட்டும் விலையில் இருக்க, அதை எவ்வளவு போடுவது என்று காட்டும் ஸ்ட்ரிப் அதைவிடப் பல மடங்கு செலவு வைப்பது எனக்குப் பெரும் அநியாயமாகவே படுகிறது. பணம் போதாதவர்கள் முதலில் குறைப்பது ஸ்ட்ரிப்பைத்தான். பார்க்காமல் குத்துமதிப்பாக இன்சுலின் போட்டுக்கொண்டால், நள்ளிரவில் சர்க்கரை இறங்கி, வியர்த்து, கை நடுங்கி எழ வேண்டியிருக்கும்.

இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர் என்று 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு மதிப்பிட்டது. அவர்களில் யாரைப் பார்த்தாலும் "வாயைக் கட்டு" என்று சொல்ல ஓர் ஆள் இருக்கிறார். அந்த அறிவுரையை நான் அடியோடு வெறுக்கிறேன். வாயைக் கட்டினால் மட்டும் தீராது என்பதற்கு எனக்குத் தெரிந்த இருவரைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா சித்தாள் வேலைக்குப் போகிறவர். அவருக்கும் சர்க்கரை நோய். முன்பெல்லாம் அதற்கான மாத்திரை வாங்க அரசு மருத்துவமனை வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும் என்பதால், பல மாதங்கள் மாத்திரையே இல்லாமல் இருந்திருக்கிறார். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் எங்கள் தெருவுக்கும் வந்த பிறகு, மாத்திரை அவர் வீட்டு வாசலுக்கே வருகிறது. இந்தத் திட்டத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் கட்டட வேலை நடக்கும் இடத்தில் கழிப்பறை இல்லை. சர்க்கரை ஏறினால் அடிக்கடி சிறுநீர் வரும் என்பதால், உச்சி வெயிலிலும் அவர் தண்ணீர் குடிக்காமல் வேலை பார்க்கிறார். மாத்திரை தந்தாயிற்று, இனி அவர் பொறுப்பு என்று யாரால் சொல்ல முடியும்?

என் தோழி ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறாள். அவளுக்கும் சர்க்கரை உண்டு, பாதம் மரத்துப்போகிறது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இலேயே சட்டத் திருத்தம் கொண்டுவந்தார்கள். அவள் பிரிவிலும் ஒரு ஸ்டூல் கிடக்கிறது. வாடிக்கையாளர் இருக்கும்போது உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் முறைக்கிறார் என்று அவள் உட்காருவதே இல்லை. மதிய உணவுக்கு எப்போது விடுவார்கள் என்பதும் கூட்டத்தைப் பொறுத்தது. நேரத்துக்குச் சாப்பிடு என்று மருத்துவர் சீட்டில் எழுதிக் கொடுத்ததை அவள் யாரிடம் காட்டுவாள்?

ஸ்ட்ரிப்புக்குத் திரும்புகிறேன். இன்சுலினைப் போல ஸ்ட்ரிப்பையும் அரசு மருத்துவமனைகளில் டைப் 1 உள்ள ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று சுகாதாரத் துறைக்கு மனு எழுதியிருக்கிறேன். அதன் வாசகத்தைக் காணொளியின் கீழே கொடுத்திருக்கிறேன். உங்கள் ஊரில் ஒரு பெட்டி என்ன விலை என்பதையும் சேர்த்து நீங்களும் அனுப்புங்கள்.