முதலில் யாரைக் கேட்க வேண்டும்?

நேயர்களுக்கு வணக்கம். வானொலியில் பேச அழைத்ததும் எனக்கு ரேடியோ நெல் நினைவுக்கு வந்தது. உங்களில் வயதானவர்களுக்குத் தெரிந்திருக்கும். 1960-களில் தஞ்சைப் பக்கம் ஏடிடி 27 என்ற நெல் வந்தபோது, திருச்சி வானொலி அதைப் பற்றி ஓயாமல் சொன்னது. விவசாயிகள் அந்த நெல்லுக்கே ரேடியோ நெல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒருவர் சொன்னார், வயல்காடெல்லாம் கேட்டது. அதில் பலன் இல்லாமலில்லை. ஆனால் நான் இன்று சொல்ல வந்தது வேறு விதமான கற்றல். விவசாயி இன்னொரு விவசாயியிடம், அரைக்கிறவரிடம், விற்கிறவரிடம், சமைக்கிறவரிடம் கேட்டுக் கற்றுக்கொள்வது. அதிலும் குறிப்பாக, அப்படி ஒரு கூடலுக்கு யார் திட்டம் போடுவது என்பது.

எங்கள் பகுதியில் பாரம்பரிய நெல் பயிர் செய்கிறவர்கள், விதை காப்பவர்கள், சிறு கடைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பாக இருக்கிறோம். முதல் வருடம் நாங்கள் நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து திட்டம் போட்டோம். காலையில் விதைத் தேர்வு, மதியம் சந்தைப்படுத்தல். ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. அழைப்பிதழ்கூட அச்சடித்தோம். ஐப்பசியில் டெல்டாவில் யார் வருவார்கள், சொல்லுங்கள்? மழை, நடவு, களை என்று ஆளுக்கொரு வேலை. பெண்கள் ஒருவர்கூட வரவில்லை. வந்த கொஞ்சம் பேரும் கேட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அன்று எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அடுத்த முறை மாசியில், அறுவடை முடிந்த பிறகு, ஒரு களத்து மேட்டில் உட்கார்ந்தோம். கூடல் நடத்த இல்லை. கூடலில் என்ன பேசலாம் என்று கேட்க. தரையில் சுண்ணாம்புக்கட்டியால் வட்டங்கள் போட்டு, ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு சேதி வைத்தோம்: விதையில் கலவன், அதாவது கலந்துவிட்ட வேறு ரக நெல், எடுப்பது, மாப்பிள்ளைச் சம்பா சாய்ந்து போவது, விதையில் வண்டு, விலை. எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டை. எது உங்களை அதிகம் படுத்துகிறதோ அங்கே வையுங்கள் என்றோம்.

ஒரு அம்மா கொட்டைகளைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "என்னோட வட்டம் இதுல இல்லையே" என்றார். என்னம்மா அது என்று கேட்டதற்கு, "மில்லு" என்றார். அவரே ஒரு வட்டம் போட்டு ஐந்தையும் அதில் வைத்தார். அப்புறம் பார்த்தால், மற்ற பெண்களும் தங்கள் கொட்டைகளை எடுத்துக்கொண்டு போய் அங்கேயே வைக்கிறார்கள். நாங்கள் நாலு பேர் மேசையில் உட்கார்ந்து எத்தனை நாள் யோசித்திருந்தாலும் அந்த வட்டத்தைப் போட்டிருக்க மாட்டோம்.

விஷயம் இதுதான். கருப்புக்கவுனியோ பூங்காரோ இரண்டு மூட்டை விளைந்தால், மில்லில் அதைத் தனியாக அரைத்துத் தரமாட்டார்கள். மெஷினில் முன்பு அரைத்த அரிசி கொஞ்சம் தங்கியிருக்கும், அதோடு கலந்துவிடும். நொய்யும் அதிகம். சரி, அப்படியானால் கூடலை மில்லிலேயே வைப்போம் என்று முடிவு செய்தோம். மில்காரரையும் கூப்பிட்டோம். அதுவரை அவர் எங்கள் கூட்டமைப்பில் ஒருவர் என்று யாருக்கும் தோன்றியதில்லை. அவர் சொன்னார், எல்லாரும் ஒரே நாளில் கொண்டு வாருங்கள், மெஷினைச் சுத்தம் செய்துவிட்டு ரகம் ரகமாக ஓட்டுகிறேன் என்று. நொய்க்கும் அவரே காரணம் சொன்னார்: கொளுத்துகிற வெயிலில் ஒரேயடியாகக் காய வைத்தால் அரிசிக்குள்ளே விரிசல் விடும், இடையிடையே நிழலில் ஆற விட்டுக் காய வையுங்கள். எந்த வகுப்பிலும் எங்களுக்கு யாரும் இதைச் சொன்னதில்லை.

திரும்பவும் சொல்கிறேன். என்ன பேசுவது என்பதை வரப்போகிறவர்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள். எந்த நேரம் என்பதையும்தான். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், பிள்ளைகள் பள்ளிவிட்டு வருமுன் வீடு திரும்ப வேண்டியவர்கள் இருக்கிறார்கள். பத்து மணி முதல் ஐந்து மணி வரை என்று போட்டால் அவர்களை வரவேண்டாம் என்று சொன்ன மாதிரிதான்.

இது நம் ஊரில் மட்டும் கண்ட வழி இல்லை. இந்தோனேசியாவில் நெல்லுக்குப் புகையான் என்ற சாறு உறிஞ்சும் பூச்சி வந்து பெரிய சேதம். மருந்து அடிக்க அடிக்க, புகையானைத் தின்னும் சிலந்தியும் சேர்ந்து செத்தது. 1986-ல் அந்த அரசு நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. 1989-ல் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. இருபத்தைந்து பேர் அளவில் ஒரு குழு, வாரம் ஒரு காலைப்பொழுது, ஒரு பருவம் முழுக்க வயலிலேயே. எது நல்ல பூச்சி என்று யாரும் பாடம் எடுப்பதில்லை. சிலந்தியையும் புகையானையும் ஒரே கூண்டில் விட்டு, எது எதைத் தின்கிறது என்று விவசாயிகளே பார்ப்பார்கள். அப்படிப் பார்த்த விவசாயிகளில் பலர் பிறகு பக்கத்து ஊர்க் குழுக்களை நடத்தினார்கள்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். சமைக்கிறவர்களைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், முடியவில்லை. விதையைப் பற்றி ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரங்கத்தில், பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்த நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில், இரண்டு கிலோ விதை வாங்கிப் போகிறவர் அடுத்த வருடம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். தர வருகிறவர் எப்படி விளைந்தது, எங்கே சாய்ந்தது என்று சொல்லாமல் போவாரா? அடுத்த கூடலுக்கு என்ன பேசலாம் என்று தேடுகிறவர்கள் அந்த வரிசையில் போய் நில்லுங்கள், ஒரு நோட்டோடு. வணக்கம்.