மூச்சுப் பயிற்சியும் நர்ஸின் நிறமும்

நேயர்களுக்கு வணக்கம். நர்ஸ்களின் மனவடுவுக்குச் சொல்லித்தரும் மூச்சுப் பயிற்சி, அவர்களின் இனத்தைப் பொறுத்துப் பலன் மாறுமா என்பதுதான் இன்றைய கேள்வி.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளியின் நெஞ்சை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, இறந்த நேரத்தைக் குறித்து, கையுறையைக் கழற்றிப் போட்ட கையோடு அடுத்த கட்டிலுக்கு மருந்து கொடுக்கப் போக வேண்டும். அதுதான் நர்ஸ் வேலை. இப்படி வருடக்கணக்கில் போனால், சிலருக்குத் தூக்கத்திலும் மானிட்டர் அலாரம் கேட்கும். அது முற்றினால் பிடிஎஸ்டி, அதாவது அதிர்ச்சிக்குப் பின் தங்கிவிடும் மனவடு நோய், என்கிறார்கள் மருத்துவர்கள்.

இதற்குக் கைகொடுக்கும் என்று சொல்லப்படுவது மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சி. மூச்சையும் எண்ணத்தையும் எடைபோடாமல் அந்தந்த நொடியில் கவனிப்பது அது. 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய 8 வார வகுப்புதான் இதற்குப் பிள்ளையார் சுழி. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் நர்ஸ்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2013இல் வெளியானது. பிடிஎஸ்டி அறிகுறிகள் உள்ள 22 பேரை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு உடலை நீட்டி அசைக்கும் பயிற்சியும் ஆழ்ந்த மூச்சும் கற்றுக்கொடுத்தார்கள். அறிகுறிகள் நன்றாகவே குறைந்தன. கார்டிசால் ஏறியது. மனஅழுத்த ஹார்மோன் ஏறினால் நல்லதா என்று கேட்காதீர்கள். பிடிஎஸ்டி உள்ளவர்களில் பலருக்கு அது குறைந்தே இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன.

சரி, இந்தப் பலன் எல்லா இனத்து நர்ஸ்களுக்கும் ஒரே மாதிரி கிடைக்கிறதா? இங்கேதான் எனக்குத் தயக்கம். 22 பேரை இரண்டாகப் பிரித்து, அதையும் இனவாரியாகப் பிரித்தால் ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு பேர்தான் தேறுவார்கள். ஒருவருடைய நைட் டியூட்டி மாறினாலே சராசரி ஆடிவிடும். வெள்ளையருக்குப் பலன் தெளிவாகத் தெரிந்தது, மற்றவர்களுக்குத் தெளிவாகத் தெரியவில்லை என்று ஓர் ஆய்வு சொன்னாலும், அதனாலேயே இருவருக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று ஆகிவிடாது. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட வேண்டும்.

வித்தியாசம் உண்மையாகவே இருந்தாலும், அதை ரத்தத்தில் தேடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வார்டில் தேட வேண்டும். அமெரிக்காவில் 2022இல் வெளியான ஒரு கணக்கெடுப்பில், பதில் சொன்ன நர்ஸ்களில் 63 சதவீதம் பேர் வேலையிடத்தில் இனவெறியை நேரில் அனுபவித்ததாகச் சொன்னார்கள். கொரோனா முதல் அலையில் இன்னொரு கொடுமை. அந்நாட்டு நர்ஸ்களில் பிலிப்பைன்ஸ் வம்சாவளியினர் ஏறக்குறைய 4 சதவீதம். 2020 செப்டம்பரில் ஒரு நர்ஸ்கள் சங்கம் எடுத்த கணக்கில், தொற்றால் இறந்த நர்ஸ்களில் அவர்கள் மூன்றில் ஒரு பங்கை நெருங்கினார்கள்.

பிடிஎஸ்டியை அளக்கப் பரவலாகப் பயன்படும் ஒரு படிவத்தில் 20 கேள்விகள் உண்டு. அவை உயிராபத்து, பலத்த காயம், பாலியல் வன்முறை போன்ற ஒரு நிகழ்வை மையமாக வைத்துக் கேட்பவை. "இவள் என்னைத் தொடக் கூடாது" என்று ஒரு நோயாளி சொன்னதும், அதை மேலதிகாரி சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டதும் அதில் எங்கே அடங்கும்? அந்த நர்ஸிடம் போய், "எண்ணத்தை எடைபோடாமல் கவனியுங்கள்" என்றால், பொறுத்துப் போ என்றுதான் அவர் காதில் விழும்.

அப்புறம், கண்ணை மூடச் சொல்வது. மனவடு உள்ள சிலருக்கு, மூடிய மறுகணம் பழைய காட்சி திரும்பிவிடும். விவரம் தெரிந்த பயிற்சியாளர் கண்ணைத் திறந்து வைக்கவோ நடக்கவோ விடுவார். வகுப்பை டியூட்டி நேரத்துக்குள் வைக்கிறார்களா என்பதும் முக்கியம். ஷிஃப்ட் முடிந்த பிறகு என்றால், இரண்டாவது வேலைக்கு ஓடுகிறவர் வர மாட்டார். அதனால் இப்படி ஓர் ஆய்வு கையில் கிடைத்தால், பலன் எவ்வளவு என்பதற்கு முன்னால் நான் தேடுவது, பாதியில் நின்றவர்கள் யார் யார் என்ற கணக்கைத்தான்.