வடதுருவ ஒளியில் ஒரு கழுத்துக் கம்பளி

நேயர்களுக்கு வணக்கம். மார்கழி பிறந்தால் கொடைக்கானலில் எல்லார் கழுத்திலும் மஃப்ளர் ஏறிவிடும். முனை தொங்காமல், வளையமாகப் பின்னித் தலைவழியாகப் போட்டுக்கொள்ளும் மஃப்ளரும் உண்டு. அதற்குப் பெயர் கௌல். வடதுருவ ஒளியின் நிறங்களில் அதைப் பின்னுவது பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

நார்வே, ஐஸ்லாந்து பக்கம் இரவில் தெரியும் அந்த ஒளிக்கும் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. சூரியனிலிருந்து கிளம்பும் மின்துகள்கள் துருவப் பகுதிகளின் மேல்வானக் காற்றில் வந்து மோதுவதால்தான் அது உண்டாகிறது. அந்தச் சூரியனை நூறாண்டுக்கும் மேலாக நம் கொடைக்கானல் ஆய்வகம் கவனித்து வருகிறது.

நிறங்களை நம் இஷ்டத்துக்கு அடுக்கக் கூடாது என்பது என் கருத்து. வானத்தில் அவற்றுக்கு ஒரு வரிசை உண்டு. சுமார் 100 கிலோமீட்டர் உயரத்துக்கு மேல் ஆக்சிஜன் தருவது பச்சை. 200 கிலோமீட்டருக்கும் மேலே அதே ஆக்சிஜன் சிவப்பைத் தருகிறது. சிவப்பை வெளிவிட அந்த அணுவுக்கு ஏறக்குறைய 2 நிமிடம் வேண்டும். கீழே காற்று நெருக்கமாக இருப்பதால், அதற்குள் வேறொன்றோடு மோதி அந்தச் சக்தியை இழந்துவிடும். அதனால் சிவப்பு உச்சியில் மட்டும், அதுவும் மங்கலாகத்தான் தெரியும். அடி ஓரத்து ஊதாவும் இளஞ்சிவப்பும் நைட்ரஜனின் வேலை. 2024 மே மாதச் சூரியப் புயலின்போது லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்ததே, அது வெகுதொலைவில் இருந்த ஒளியின் மேல்பகுதிதான்.

ஆகவே கருநீலத்தைப் பின்னணி நிறமாக வைத்துக்கொள்ளுங்கள். கீழே ஊதா இரண்டு மூன்று வரிசை, நடுவில் பச்சை நெருக்கமாக, மேலே சிவப்பு அங்கொன்றும் இங்கொன்றுமாக. ஒளி நெடுக்காகக் கோடுகோடாக விழுவதால், பச்சைக் கண்ணிகளை, அதாவது ஊசியில் விழும் நூல் வளையங்களை, ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுங்கள். கோடுகளின் உயரம் ஒன்றுபோல் இருக்க வேண்டாம்.

நடுத்தரக் கனமுள்ள நூல், 4 மில்லிமீட்டர் வட்ட ஊசி (இரண்டு ஊசிகளை ஒரு வடம் இணைத்திருக்கும்) போதும். முதலில் ஒரு மாதிரித் துண்டு பின்னி அளந்து பாருங்கள். 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி வந்தால், 60 சென்டிமீட்டர் சுற்றளவுக்கு 132 கண்ணி. 12 கண்ணிப் பூவேலை அதில் சரியாக 11 தடவை வரும்.

ஒரு வரிசையில் இரண்டு நிறம்தான். பின்னாத நிறத்தின் நூல் உள்பக்கமாக ஓடும். துணி இரண்டு அடுக்குபோல் ஆகி நடுவில் காற்றைப் பிடித்துவைப்பதால்தான் இது இத்தனை கதகதப்பு. அந்த நூலை இழுத்துப் பிடித்தால் துணி சுருங்கி, தலையே நுழையாது. நிறம் மாற்றும்போதெல்லாம் வலது ஊசியில் உள்ள கண்ணிகளை விரலால் விரித்துவிட்டு அடுத்ததைப் போடுங்கள். உள்பக்க நூல் 5 கண்ணிக்கு மேல் ஓடினால் நடுவில் பின்னும் நூலோடு ஒருமுறை முறுக்கிக் கொள்ளுங்கள், விரல் மாட்டாது. அப்புறம், பச்சை நூலை எப்போதும் கருநீலத்துக்குக் கீழிருந்தே எடுங்கள். கீழே வரும் நிறம்தான் முன்னால் எடுப்பாகத் தெரியும். நடுவில் மாற்றினால் கோடு மங்கிவிடும்.

முடித்ததும் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்துங்கள். கொடியில் தொங்கவிட்டால் நனைந்த கம்பளி நீண்டுவிடும். கட்டிலில் பரப்பி, மேடுபள்ளமான கண்ணிகளை உள்ளங்கையால் நீவிவிடுங்கள். நம் மூடுபனியில் காய நாள் பிடிக்கும். ஈரம் முழுதும் போன பிறகே கழுத்தில் போடுங்கள்.