டர்பன் திரைப்பட விழாவில் என்ன படம் வரும்? பட்டியலுக்கு முன்பே கண்டுபிடிக்கலாம்!

(திரை இருட்டு. இசை இல்லை. குரல் மட்டும்.)

2013 ஜூலை 18. நெல்சன் மண்டேலாவுக்கு அன்று 95 வயது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் சர்வதேசத் திரைப்பட விழா அன்றைக்குத்தான் தொடங்குகிறது. அரங்கு நிறையக் கூட்டம். படம் தொடங்க வேண்டிய நேரத்தில் திரையில் ஓர் அறிவிப்பு வருகிறது. தணிக்கை வாரியம் இந்தப் படத்துக்கு அனுமதி தர மறுத்துவிட்டது, இதைத் திரையிட்டால் குற்றம் என்கிறது அந்த அறிவிப்பு. விழாவின் தொடக்கப் படமே தடை!

படத்தின் பெயர் 'ஆஃப் குட் ரிப்போர்ட்'. இயக்குநர் ஜாமில் குபேகா. பள்ளி ஆசிரியர் ஒருவருக்குத் தன் மாணவி மேல் ஏற்படும் வெறியைச் சொல்லும் கறுப்பு வெள்ளைப் படம். மாணவியாக நடித்தவர் வயதுவந்த நடிகை. வாரியம் படத்தைக் கடைசிவரை பார்க்கக்கூட இல்லை, நடுவிலேயே நிறுத்தித் தடை போட்டுவிட்டது. மேல்முறையீட்டில் தடை உடைந்தது. விழா முடிவதற்குள் படமும் ஓடிவிட்டது.

இப்போது ஆறு ஆண்டு தாண்டி 2019க்கு வாருங்கள். அதே விழாவுக்கு நாற்பதாவது ஆண்டு. தொடக்கப் படம் 'நக்கிள் சிட்டி'. இயக்குநர் யார்? அதே ஜாமில் குபேகா.

இதை முன்பே கணித்திருக்கலாம் என்று நான் அடித்துச் சொல்கிறேன். எப்படி என்பதுதான் இன்றைய வீடியோ.

(தலைப்பு அட்டை.)

வணக்கம் மக்களே! சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், ஜோபர்க், எங்கிருந்து பார்த்தாலும் சரி, சப்ஸ்கிரைப் பட்டனை ஒரு தட்டு தட்டிவிட்டு உட்காருங்கள்.

பின்னணியைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். விழா தொடங்கியது 1979இல், நிறவெறி ஆட்சிக் காலத்தில். குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் படைப்புக் கலைகள் மையம் நடத்துகிறது. வழக்கமாக ஜூலை மாதம். இவ்வளவு போதும்.

(திரையில்: பன்னிரண்டு மாத நாட்காட்டி. ஜனவரி முதல் ஜூலை வரை விழாக்கள் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.)

முதலில் நாட்காட்டி. ஜனவரியில் அமெரிக்காவில் சன்டான்ஸ். ஜனவரிக் கடைசியில் தொடங்கி பிப்ரவரிக்குள் போகும் நெதர்லாந்தின் ராட்டர்டாம். பிப்ரவரியில் பெர்லின். ஒற்றைப்படை ஆண்டுகளில் புர்கினா ஃபாசோவின் வாகடூகு நகரில் ஃபெஸ்பாகோ. ஆப்பிரிக்க சினிமாவுக்கு அதுதான் பெரிய மேடை, 1969இல் இருந்து நடக்கிறது. ஏப்ரல் மே வாக்கில் டொரன்டோவில் ஹாட் டாக்ஸ் என்ற ஆவணப்பட விழா. மே மாதம் கான். அப்புறம் ஜூலையில் டர்பன். அதற்குப் பின்னால் ஆகஸ்ட் கடைசியில் வெனிஸ், செப்டம்பரில் டொரன்டோ.

இந்த வரிசையைப் பார்த்தாலே பாதி கணிப்பு முடிந்துவிடும். வெனிஸ் போட்டிப் பிரிவு உலகில் வேறெங்கும் காட்டாத படத்தைத்தான் கேட்கும். அந்த ஆசையில் இருக்கிற தயாரிப்பாளர் ஜூலையில் டர்பனுக்குப் படத்தைத் தரமாட்டார். ஆகவே 'இந்த ஆண்டு வெனிஸில் போட்டியிடும்' என்று பேச்சு அடிபடும் படங்களை எல்லாம் அடித்துவிடுங்கள். டொரன்டோ அப்படி இல்லை. 'நக்கிள் சிட்டி' ஜூலையில் டர்பனைத் திறந்துவைத்துவிட்டு செப்டம்பரில் டொரன்டோவுக்கும் போனது. 'டொரன்டோ போகும் படம் டர்பனுக்கு வராது' என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

எது வரும்? ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் நடுவில் வெளிநாட்டில் முதல் முறை ஓடிய ஆப்பிரிக்கப் படங்கள். 'இன்க்செபா' ஒரு சுத்தமான உதாரணம். 2017 ஜனவரியில் சன்டான்ஸ், பிப்ரவரியில் பெர்லின், ஜூலையில் டர்பன். பஸ் நிறுத்தம் மாதிரி ஒவ்வொன்றாக வந்து நின்றது.

(திரையில்: தொடக்கப் படங்களின் பெயர்கள், ஆண்டுகளோடு.)

சரி, குபேகா கதைக்கு வருகிறேன். தொடக்கப் படங்களை மட்டும் வரிசையாகப் படியுங்கள். 2011 'ஒடெலோ பர்னிங்'. 2012 'எலெல்வானி', திஷிவெண்டா மொழியின் முதல் முழுநீளப் படம். 2013இல் அந்தத் தடைபட்ட படம். 2014 'ஹார்ட் டு கெட்'. 2015 'அயாண்டா'. 2016 'தி ஜர்னிமென்'. எல்லாமே தென்னாப்பிரிக்கப் படங்கள். 2020இல் கொரோனாவால் விழா இணையத்தில் நடந்தது. அப்போது தொடக்கப் படம் லெசோத்தோக்காரரான லெமோஹாங் மொசெசேயின் படம். லெசோத்தோவோ நான்கு பக்கமும் நம் நாடு சூழ்ந்த நாடு. ஆக ஹாலிவுட் படமோ ஐரோப்பியப் படமோ முதல் நாள் ஓடும் என்று யாரும் பணம் கட்டவேண்டாம்.

அதே பட்டியலில் எனக்குப் பிடித்த இடம் வேறு. 2011ஐயும் 2015ஐயும் மறுபடி பாருங்கள். 'ஒடெலோ பர்னிங்', 'அயாண்டா' இரண்டும் ஒரே இயக்குநர் எடுத்தவை, சாரா பிளெச்சர். 2013, 2019 இரண்டும் குபேகா. பத்தாண்டுக்குள் இரண்டு பேருக்கு இரண்டு முறை தொடக்க மேடை கிடைத்திருக்கிறது! இந்த விழா தன் ஆட்களை மறப்பதில்லை. அதிலும் குபேகாவுக்கு நடந்தது மாதிரி ஒன்று நடந்துவிட்டால், அந்த இயக்குநருக்கும் விழாவுக்கும் உறவு கெட்டிப்படத்தான் செய்யும். தன் தொடக்க இரவையே ஒரு படத்துக்காக இழந்த விழா, அந்த ஆளின் அடுத்த நல்ல படத்தை விடுமா?

'ஒடெலோ பர்னிங்' எங்கே நடக்கிறது தெரியுமா? இங்கேதான், டர்பனின் லாமண்ட்வில்லில். 1989இல் அந்தப் பகுதிப் பையன்கள் கடலில் அலைச்சறுக்கு கற்றுக்கொள்ளும் கதை, சூலு மொழியில். கடற்கரை நகரத்து விழா அலைச்சறுக்குப் படத்தோடு தொடங்குகிறது. வேவ்ஸ்கேப் என்று அலைச்சறுக்குப் படங்களுக்கே தனி விழா இதோடு சேர்ந்து பல ஆண்டு நடந்திருக்கிறது. அதனால் டர்பனில் எடுத்த படம், கடல் இருக்கிற படம், முன்பு இங்கே காட்டிய இயக்குநர் என்று மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் அந்தப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

(திரையில்: ஃபிலிம்மார்ட் திட்டப் பட்டியலின் பக்கங்கள் மெதுவாக நகர்கின்றன.)

இப்போது என் மனதுக்கு மிக நெருக்கமான பகுதி. இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள், வீடியோவின் சாரமே இதுதான்.

2010இல் டர்பன் ஃபிலிம்மார்ட் என்று ஒன்று தொடங்கியது. நகரத்தின் ஃபிலிம் ஆபீஸும் திரைப்பட விழாவும் சேர்ந்து இதைத் தொடங்கின. விழா நடக்கும் அதே ஜூலையில்தான் இதுவும் நடக்கும். ஆனால் இங்கே முடிந்த படம் காட்டமாட்டார்கள். எடுக்கப்போகிற படத்துக்குக் காசு தேடுவார்கள். ஆப்பிரிக்கா முழுவதிலும் இருந்து இயக்குநரும் தயாரிப்பாளரும் கையில் ஒரு கதையோடு வந்து, முதலீட்டாளர், தொலைக்காட்சிக்காரர், வெளிநாட்டு விழாக்காரர் முன்னால் உட்கார்ந்து பேசுவார்கள். தேர்வான திட்டங்களின் பெயரை ஒவ்வோர் ஆண்டும் வெளியிடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

நம் நட்டால் மண்ணில் கரும்பு தெரியாதவர் யார்? இந்தப் பருவம் ஆலைக்கு என்ன வரும் என்று தெரிய ஆலை வாசலில் நிற்கத் தேவையில்லை. போன ஆண்டு, அதற்கு முந்தின ஆண்டு எந்த வயலில் கரணை நட்டார்கள் என்று பார்த்தால் போதும். ஃபிலிம்மார்ட்டின் பழைய பட்டியல்தான் அந்த வயல்.

'புத்தா இன் ஆப்பிரிக்கா' என்று ஓர் ஆவணப்படம். இயக்குநர் நிக்கோல் ஷேஃபர். மலாவி நாட்டில் சீனத் துறவிகள் நடத்தும் ஒரு பௌத்த அனாதை இல்லம். அங்கே ஒரு கறுப்பினப் பையன் மாண்டரின் பேசி, குங்ஃபூ பழகி வளர்கிறான். சொந்தக் கிராமத்துக்கும் சீனக் கனவுக்கும் நடுவில் அவன் தவிக்கிற தவிப்புதான் படம். இந்தத் திட்டம் ஃபிலிம்மார்ட்டுக்கு வந்தது 2011இல். முடிந்த படம் முதல் முறை ஓடியது 2019 வசந்தத்தில், ஹாட் டாக்ஸில். அதே ஜூலையில் டர்பனுக்கு வந்து சிறந்த தென்னாப்பிரிக்க ஆவணப்பட விருதை எடுத்துக்கொண்டது.

எட்டு ஆண்டு! 2011இன் பட்டியலைக் கையில் வைத்திருந்த ஒருவர், 2019 மே மாதம் ஹாட் டாக்ஸ் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால், கண்ணை மூடிக்கொண்டு 'இது டர்பனுக்கு வருகிறது' என்று சொல்லியிருப்பார். எனக்கு இதில் கிடைக்கும் சந்தோஷம் கொஞ்சநஞ்சம் இல்லை.

ஏன் எட்டு ஆண்டு என்று கேட்பீர்கள். ஆவணப்படத்துக்கு ஒரே இடத்தில் முழுப் பணம் கிடைக்காது. ஒரு நிதியம் கொஞ்சம், ஒரு தொலைக்காட்சி கொஞ்சம், வேறொரு நாடு கொஞ்சம் என்று சேர வேண்டும். அந்தப் பையனும் வளர வேண்டுமே! படத்தில் அவன் வயது ஏறுவது நம் கண் முன்னால் நடக்கிறது. அதை அவசரப்படுத்த முடியாது. கதைப்படங்களும் இங்கே ஆண்டுக்கணக்கில் நகரும். அதனால் போன ஆண்டுப் பட்டியலோடு நிறுத்திவிடாமல் நான்கு முதல் எட்டு ஆண்டுக்கு முந்தின பட்டியல்களையும் தூசி தட்டுங்கள். ஒன்று எச்சரிக்கை: படத்தின் பெயர் நடுவில் மாறலாம். இயக்குநர் பெயரை வைத்துத் தேடுங்கள்.

இதோடு சேர்த்து ஒரு சின்ன உத்தி. டிரெய்லர் கிடைத்தால் கதாநாயகன் முகம் வருவதற்கு முன்னால் நிறுத்துங்கள். முதல் பத்து நொடியில் வரிசையாகச் சின்னங்கள் ஓடும், எல்லாரும் தள்ளிவிடுகிற இடம். அங்கேதான் விஷயம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் தேசியத் திரைப்பட அறக்கட்டளை பணம் போட்டிருக்கிறதா? ராட்டர்டாம் விழாவின் ஹியூபர்ட் பால்ஸ் நிதி இருக்கிறதா? பெர்லின் விழாவின் வேர்ல்ட் சினிமா ஃபண்ட் இருக்கிறதா? இருந்தால் அந்தப் படம் எந்த ஊர்களில் இறங்கி வரும் என்று அந்தச் சின்னங்களே சொல்லிவிடுகின்றன.

(திரையில்: கமெண்டுகள்.)

அடுத்து, நம் ஆட்கள் ஒவ்வோர் ஆண்டும் கேட்கிற கேள்வி. 'தமிழ்ப் படம் வருமா?'

பெரிய நட்சத்திரப் படம் என்றால் அது விழாவைத் தேடி வராது. நேராக மல்டிபிளெக்ஸுக்கு வந்துவிடும். கிரே ஸ்ட்ரீட் அரங்குகளில் நம் தாத்தா பாட்டிகள் வரிசையில் நின்ற ஊர் இது, அந்தப் படங்களுக்கு ரசிகர் பஞ்சம் இல்லை. விழாவுக்கு வரக்கூடிய தமிழ்ப் படம் வேறு வகை. அதற்கு ராட்டர்டாமைப் பாருங்கள். 2021இல் பி. எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' அங்கே முதல் பரிசான டைகர் விருது வாங்கியது. தமிழுக்கு அது முதல் முறை. 2024இல் அவருடைய 'கொட்டுக்காளி' பெர்லினில் ஓடியது. 2025இல் வர்ஷா பரத்தின் 'பேட் கேர்ள்' மறுபடி ராட்டர்டாமில். ஆக டிசம்பர், ஜனவரியில் ராட்டர்டாம் பட்டியலில் ஒரு தமிழ்ப் பெயரைப் பார்த்தால், ஜூலைக்கு டர்பன் என்று குறித்துவைப்பது நியாயமான கணிப்பு.

நம் ஊர் இந்தியக் கதைகள்? ஜயன் மூட்லியின் 'கீப்பிங் அப் வித் தி கந்தசாமீஸ்' சாட்ஸ்வர்த்தை வைத்து எடுத்த படம், 2017 மார்ச்சில் திரையரங்குக்கு வந்து சக்கைப்போடு போட்டது. மார்ச்சிலேயே ஊரெல்லாம் பார்த்துவிட்ட படத்துக்கு ஜூலை விழா தேவைப்படாது. வணிகமாக அது சரியான முடிவுதான். ஆனாலும் சாட்ஸ்வர்த்திலோ டோங்காட்டிலோ நடக்கும் ஒரு கதை, ஃபிலிம்மார்ட்டில் நட்டு வளர்ந்து, விழாவின் தொடக்க இரவில் ஓட வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை. 1860இல் ட்ரூரோ கப்பல் மதராசில் இருந்து நம் ஆட்களை இறக்கிவிட்டது இந்தத் துறைமுகத்தில்தான். படம் எடுக்கிற தம்பி தங்கைகள் யாராவது இதைப் பார்த்தால், ஃபிலிம்மார்ட் விண்ணப்பம் எப்போது திறக்கிறது என்று இன்றே போய்ப் பாருங்கள். தயவுசெய்து.

வராதவற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். ஆப்ரிகான்ஸ் மொழிப் படங்களில் பலவும் ஆகஸ்டில் கேப் டவுன் பக்கம் நடக்கும் சில்வர்ஸ்கெர்ம் விழாவுக்குக் காத்திருக்கும். கானில் பெரிய விருது வாங்கிய படங்களை இரண்டே மாதத்தில் எதிர்பார்ப்பது கொஞ்சம் பேராசை.

(திரையில்: மூன்று நெடுவரிசை கொண்ட வெற்றுத் தாள்.)

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. தாளில் மூன்று வரிசை போடுங்கள். முதல் வரிசையில் பழைய ஃபிலிம்மார்ட் பட்டியல்களில் உள்ள இயக்குநர்கள். இரண்டாவதில் இந்த ஆண்டு ஜனவரி முதல் மே வரை சன்டான்ஸ், ராட்டர்டாம், பெர்லின், ஹாட் டாக்ஸில் படம் காட்டிய ஆப்பிரிக்க இயக்குநர்கள். ஒற்றைப்படை ஆண்டு என்றால் ஃபெஸ்பாகோவையும் சேருங்கள். மூன்றாவதில் டர்பனில் முன்பே படம் காட்டியவர்கள். ஒரே பெயர் மூன்றிலும் வந்தால் அது உறுதி. இரண்டில் வந்தால் பாதிக்கு மேல் வாய்ப்பு.

தொடக்கப் படத்துக்கு என் கணிப்பு இதுதான்: தென்னாப்பிரிக்க இயக்குநர், முன்பு இந்த விழாவுக்கு வந்தவர், ஆங்கிலம் அல்லாத மொழி. உங்கள் கணிப்பைக் கமெண்டில் போடுங்கள். படப் பெயர் மட்டும் போதாது, எந்த இரண்டு வரிசையில் அந்தப் பெயர் வந்தது என்றும் எழுதுங்கள். பட்டியல் வந்த அன்றே ஒவ்வொன்றையும் சரிபார்த்து அடுத்த வீடியோவில் பெயரோடு வாசிக்கிறேன்.