மீன் கோழையில் ஒரு நொதி

இங்கே வந்திருப்பவர்களில் பலர் குளம் வைத்திருப்பவர்கள். கையில் பிடித்த ரோகு வழுக்கிக்கொண்டு போகாத நாள் உங்களுக்கு இருந்திருக்காது. கையை வேட்டியில் துடைத்துவிட்டு அடுத்த மீனைப் பிடிப்போம். அப்படித் துடைத்துப்போடும் கோழையில்தான் லைசோசைம் என்ற நொதி இருக்கிறது.

முகம் சுளிக்காதீர்கள், இந்தக் கதை மூக்குச் சளியில் தொடங்குகிறது. பெனிசிலினுக்குப் பெயர்போன அலெக்சாண்டர் ஃபிளெமிங், அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, தம் சளியைப் பாக்டீரியா வளரும் தட்டில் விட்டுப் பார்த்தார். பாக்டீரியா கரைந்துபோயிற்று. கரைத்த பொருளைப் பற்றி 1922-ல் எழுதினார். கண்ணீரிலும் முட்டையின் வெள்ளைக் கருவிலும்கூட அது இருந்தது. பாக்டீரியாவின் சுவரில் இரண்டு வகைச் சர்க்கரைகள் மாறி மாறிக் கோத்திருக்கும். அந்தக் கோர்வையை லைசோசைம் அறுத்துவிடுகிறது. உள்ளழுத்தம் தாங்காமல் பாக்டீரியா வெடிக்கிறது.

மீனில் இதற்கு முக்கியமாக இரண்டு வகை மரபணுக்கள் உண்டு. ஒன்று கோழி முட்டை வகை, மற்றது பெருவாத்து முட்டை வகை. மீனுக்குள் கோழியும் வாத்தும்! இதில் எனக்குப் பிடித்த புதிர் ஒன்று உண்டு. செல்லைவிட்டு வெளியே போகவேண்டிய புரதத்தின் முனையில், தபால் உறையில் விலாசம் எழுதியதுபோல, ஒரு சிறு துண்டு இருக்கும். பல மீன்களின் வாத்து வகை நொதியில் அந்த விலாசத்தையே காணோம்.

குளத்தில் வயிறு ஊதி, செதில் நிமிர்ந்து சாகும் மீன்களில் அடிக்கடி பிடிபடுவது ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியா. இதன் சுவருக்கு மேல் இன்னோர் உறை இருப்பதால் கோழி முட்டை நொதி இதனிடம் அவ்வளவாக எடுபடாது. வானவில் டிரவுட் என்ற குளிர்நீர் மீனின் லைசோசைமோ இந்த இனத்துப் பாக்டீரியாவையும் கொல்கிறது.

அளக்கும் முறை எளியது. மைக்ரோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் உலர்ந்த பொடியைக் கரைத்தால் நீராகாரம்போலக் கலங்கியிருக்கும். அதில் மீனின் சீரத்தை, அதாவது இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரை, சில துளி விட்டால் கலங்கல் தெளியத் தொடங்கும். எவ்வளவு வேகமாகத் தெளிகிறது என்பதே கணக்கு.

அப்படியானால் லைசோசைம் கூடுதலாக உள்ள மீனையே தாய்மீனாக வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். நான் அவசரப்பட மாட்டேன். நோய் தொற்றினாலும் அந்த அளவு ஏறும்; வலுவான மீனா, ஏற்கெனவே போராடிக்கொண்டிருக்கும் மீனா என்று அந்த ஓர் அளவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. புவனேஸ்வர் அருகே கௌசல்யாகங்காவில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1992-ல் நார்வே நிபுணர்களோடு ரோகுவில் தேர்வு இனப்பெருக்கத்தை, அதாவது நல்ல மீன்களைத் தேர்ந்து தாய்மீன்களாக்கும் வேலையை, தொடங்கியது. ஜெயந்தி ரோகு அப்படி வந்ததுதான். முதலில் பார்த்தது வளர்ச்சியைத்தான். ஏரோமோனாஸைத் தாங்கும் குடும்பங்களை, அதாவது ஒரே ஜோடிக்குப் பிறந்த மீன்களை, தேடும் வேலை பிறகு சேர்ந்தது. அதற்குக் குடும்பம் குடும்பமாக நோயைக் கொடுத்து, எது பிழைக்கிறது என்று பார்க்கவேண்டும். பொறுமை வேண்டிய வேலை.

தாய்மீன் முட்டைக்குள்ளும் இந்த நொதியை வைத்து அனுப்புவதைப் பல மீனினங்களில் பார்த்திருக்கிறார்கள். அடுத்த முறை குஞ்சுகளை இழுவலையில் குவித்து வெயிலில் எண்ணிக்கொண்டிருக்கும்போது வலைக் கண்ணிகளைக் கவனியுங்கள். பளபளவென்று ஒட்டியிருப்பது அவற்றின் கோழை.