ரசிகன் கொதிப்பது உரிமையே!

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் டிவியை அணைச்சுட்டு வந்து உட்கார்ந்திருக்கிற பெரியோர்களே, வணக்கம்.

"பழைய ஆக்‌ஷன் படத்தை ஹாலிவுட் திரும்ப எடுக்கும்போது ரசிகன் கொதிக்கிறது உரிமையா, வீம்பா?" உரிமைதான்னு சொல்ல வந்திருக்கேன். எனக்கு முன்னால பேசின எதிரணி அக்கா போட்ட போடுல எங்க அணிக்குக் கொஞ்சம் வேர்த்துடுச்சு, அதை ஒத்துக்கணும். மூணு கேள்வி கேட்டாங்க. பழைய படம் டிஸ்க்ல அப்படியேதானே இருக்கு, போட்டுப் பாருங்களேன், ஏன் கத்துறீங்க? நீங்க தலையில தூக்கி வச்சு ஆடுற 1983 'ஸ்கார்ஃபேஸ்', அதே பேர்ல 1932-ல வந்த படத்தோட ரீமேக்தானே, அப்போ ஏன் கத்தல? இது சினிமாப் பாசமா, இல்ல சின்ன வயசுப் பாசமா? அரங்கமே கை தட்டிச்சு. எங்க அணி ஆளு ஒருத்தரும் தட்டினாரு. அவர்கிட்ட அப்புறம் பேசிக்கிறேன்.

ஐயா, பத்துப் படத்தைத் தொட்டுத் தொட்டுப் பேசினா ஒண்ணும் நிக்காது. நான் ஒரே படத்தை எடுத்துக்கிறேன். 'ரோபோகாப்'. 1987-ல வந்தது, 2014-ல திரும்ப எடுத்தாங்க. ரசிகன் கொதிச்ச கொதிப்பு உலகத்துக்கே தெரியும்.

பார்க்காதவங்களுக்குக் கதை: டெட்ராய்ட் நகரம் நாறிக் கிடக்கு. ஓசிபின்னு ஒரு கம்பெனி போலீஸ் துறையையே காண்ட்ராக்ட் எடுத்து நடத்துது. அலெக்ஸ் மர்ஃபிங்கிற போலீஸ்காரரை ரவுடிகள் கொன்னுடறாங்க. கம்பெனி அந்த உடம்பை எடுத்து, நினைவையெல்லாம் துடைச்சு, இரும்புக்குள்ள போட்டு, 'இது எங்க தயாரிப்பு'ன்னு ரோட்டுல விடுது. எழுதினவங்க எட்வர்ட் நியூமையர், மைக்கேல் மைனர். எடுத்தவர் பால் வெர்ஹூவன், நெதர்லாந்துக்காரர். முதல்ல ஸ்கிரிப்டைப் புரட்டிப் பார்த்துட்டு, குப்பைன்னு தூக்கிப் போட்டவர் அவர். அவர் மனைவிதான் எடுத்துப் படிச்சுட்டு, 'இதுல உள்ளே வேற என்னமோ இருக்கு, மறுபடி படிங்க'ன்னு சொன்னாங்க. அந்த அம்மா இல்லேன்னா இன்னிக்கு இந்தப் பட்டிமன்றமே இல்ல.

உள்ளே என்ன இருந்தது? ஒரு காட்சியைச் சொல்றேன். கம்பெனியோட போர்டு ரூம். நடு மேஜையில, கட்டப்போற புது நகரத்தோட மாதிரி, குட்டிக் குட்டி வெள்ளைக் கட்டடமா. இடி-209-னு ஒரு பெரிய ரோபோவை டெமோ காட்டக் கூட்டிட்டு வர்றாங்க. ஒரு சின்னப் பையன், கோட்டு சூட்டு போட்ட ஊழியர், அவர் கையில துப்பாக்கியைக் குடுத்து, 'ரோபோவைப் பார்த்து நீட்டு'ங்கறாங்க. நீட்டறாரு. ரோபோ, 'கீழே போடு, 20 செகண்டு டைம்'னு சொல்லுது. உடனே போட்டுடறாரு. தரையில டொக்குன்னு விழுற சத்தம் நமக்குக் கேக்குது, ரோபோவுக்குக் கேக்கல. அது பாட்டுக்கு எண்ணிக்கிட்டே வருது. மத்த அதிகாரிங்க அந்தப் பையன் பக்கத்துல நிக்காம தள்ளித் தள்ளிப் போறாங்க. எஞ்சினியருங்க ஒயரைப் பிடுங்குறாங்க. ஒண்ணும் ஆகல. சுட்டுத் தள்ளிடுது. பையன் அந்த மாதிரி நகரத்து மேலயே விழறான். அதுக்கப்புறம்தான் ஐயா விஷயமே. முதலாளி, 'எனக்கு ஏமாத்தமா இருக்கு'ங்கிறாரு. அதிகாரி, 'சின்னக் கோளாறுதான் சார்'ங்கிறாரு. இன்னொரு இளவட்டம் சந்தடி சாக்குல எழுந்து, 'என்கிட்ட வேற ஒரு திட்டம் இருக்கு'ன்னு விக்க ஆரம்பிச்சுடறான். பொணம் இன்னும் மேஜை மேல கிடக்கு.

தியேட்டர்ல ஜனம் சிரிச்சுது. சிரிச்சதுக்கப்புறம், எதுக்குடா சிரிச்சோம்னு திரும்பிப் பார்த்துது. ரத்தத்தைக் குறைன்னு தணிக்கைக்காரங்க பலமுறை திருப்பி அனுப்பினாங்க. வெட்டி வெட்டித்தான் கடைசியில 'ஆர்' சான்றிதழ் கிடைச்சுது, அதாவது 17 வயசுக்குக் கீழே இருக்கிற பையன் தனியா போய்ப் பார்க்க முடியாது. ஆனா அந்த ரத்தம் அலங்காரத்துக்கு இல்ல. மனுஷ உசிருக்கு அந்த அறையில என்ன விலைங்கறதை அது சொல்லுது.

இப்ப 2014-க்கு வாங்க. ஜோசே பாடில்யான்னு பிரேசில் இயக்குநர். சாதாரண ஆள் இல்ல, 'எலீட் ஸ்குவாட்' எடுத்து பெர்லின் பட விழாவுல தங்கக் கரடி விருது வாங்கினவர். படமும் தொடங்கும்போது நல்லாத்தான் தொடங்குது. தெஹ்ரான் தெருவுல அமெரிக்க ரோபோக்கள் சோதனை போடுது, அதை டிவில ஒருத்தர் பெருமையா நேரலை ஓட்டறாரு. நடிச்சவர் சாமுவேல் ஜாக்சன். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இயக்குநருக்கு சொல்ல ஒரு விஷயம் இருந்தது, மறைக்க மாட்டேன்.

ஆனா ஸ்டுடியோ முதலாளிகளுக்கு வேண்டியது 'பிஜி-13' சான்றிதழ். பள்ளிக்கூடப் பசங்களும் தனியா வந்து டிக்கெட் எடுக்கணும். அதனால போர்டு ரூம் காட்சி போச்சு. மர்ஃபிக்கு நேர்ற கதி ஒரு கார் குண்டுல முடிஞ்சுது. பழைய படத்துல அவன் கை போற காட்சியைப் பார்த்தவன் ஆயுசுக்கும் மறக்கமாட்டான். இதுல ஒரு வெளிச்சம், ஒரு சத்தம், அடுத்த காட்சி ஆஸ்பத்திரி. ஹெல்மெட்டு? முன்பக்கம் மேல ஏறி ஹீரோ முகத்தைக் காட்டுது. சம்பளம் குடுத்த முகம் தெரியணும் இல்லையா!

இதையெல்லாம் விடப் பெரிய மாத்தம் கதையில. பழைய மர்ஃபிக்கு நினைவே கிடையாது. காலியாக் கிடக்கிற தன் பழைய வீட்டுக்குள்ள நடந்து போறான், வீடு விற்பனைக்கு. டிவி திரையில ஒரு விற்பனையாள் சிரிச்சுக்கிட்டே வீட்டை விளம்பரம் பண்றான். அங்கங்க நிக்கும்போது மகன் முகம் ஒரு கீற்று, மனைவி முகம் ஒரு கீற்று. தானா, கொஞ்சம் கொஞ்சமா மனுஷன் ஆகிறான். புதுப் படத்துல கண்ணு முழிக்கும்போதே எல்லாம் ஞாபகம் இருக்கு, மனைவியும் கதை நெடுக இருக்காங்க. அப்புறம் என்னத்தைத் தேடப் போறான்? இந்தக் குறையை நான் மட்டும் சொல்லல, வெர்ஹூவனே பேட்டியில சொன்னாரு. நகைச்சுவையை எடுத்துட்டு ரொம்ப சீரியஸா பண்ணிட்டாங்கன்னும் சொன்னாரு.

அக்கா கேப்பாங்க, 'சரி, படம் பார்த்துட்டுத் திட்டினா நியாயம். இவங்க படம் வர்றதுக்கு முன்னாலயே திட்டினாங்களே?' ஆமா, திட்டினாங்க. 'பிஜி-13'னு சேதி வந்த அன்னிக்கே ஆரம்பிச்சுட்டாங்க. ஏன்? சூடு கண்ட பூனை ஐயா! 1993-ல 'ரோபோகாப் 3' வந்தது. அதுவும் பிஜி-13தான். ரோபோகாப்பா நடிச்ச பீட்டர் வெல்லர் விலகிட்டாரு, வேற ஆள் உடுப்புக்குள்ள. படம் மண்ணைக் கவ்வுச்சு. ஒரு தடவை அடி வாங்கின இடத்துலயே திரும்பக் கை ஓங்கும்போது, அடி விழட்டும், அப்புறம் அழுவோம்னு எவன் காத்திருப்பான்?

இப்ப அந்த டிஸ்க் கேள்வி. பழைய படத்தை எவனும் திருடலேங்கறாங்க. படத்தைத் திருடல, சரி. பேரு? 1987-ல ஓரியன் பிக்சர்ஸ் தயாரிச்ச படம். ஓரியன் நொடிச்சுப் போச்சு, படங்கள் எம்ஜிஎம்ங்கிற இன்னொரு ஸ்டுடியோ கைக்குப் போச்சு. எம்ஜிஎம் 2010-ல திவால் மனு குடுத்தது. கையில காசில்லாத கம்பெனி பீரோவைத் திறந்து, பழைய பேருங்களை ஒவ்வொண்ணா எடுத்துப் பார்க்குது. அந்தப் பேருக்கு இன்னும் மதிப்பு இருந்துச்சுன்னா, அதுக்கு யார் காரணம்? கேசட் தேய்ற வரைக்கும் வாடகைக்கு எடுத்துப் பார்த்தவன், நண்பனை வீட்டுக்கு இழுத்துட்டுப் போய்ப் போட்டுக் காட்டினவன். 27 வருஷம் தண்ணி ஊத்தினவன் அவன். அவன்கிட்டயே அந்தப் பேரைத் திருப்பி விக்கும்போது, உள்ளே என்ன சரக்குன்னு கேட்கிறது வீம்பா?

எதிரணி உடனே, 'உலகம் முழுக்க 24 கோடி டாலர் வசூல்'னு ஒரு பேப்பரை நீட்டும். உண்மை, முக்காவாசி அமெரிக்காவுக்கு வெளியில வந்தது. ஆனா படம் பிறந்த ஊர்க் கணக்கைப் பாருங்க. 1987-ல 1.3 கோடி டாலர்ல எடுத்து அமெரிக்காவுல சுமார் 5.3 கோடி. 2014-ல 10 கோடிக்கு மேல செலவழிச்சு அங்க 5.8 கோடி. இடைப்பட்ட காலத்துல அமெரிக்காவுல சராசரி டிக்கெட் விலை நாலு டாலருக்குக் கொஞ்சம் குறைவா இருந்தது எட்டைத் தாண்டிடுச்சு. வகுத்துப் பாருங்க, உள்ளே போன தலை ஏறக்குறைய பாதி.

'ஸ்கார்ஃபேஸ்' கேள்வி நல்ல கேள்வி. ரீமேக்குன்னாலே கூடாதுன்னு நாங்க எப்போ சொன்னோம்? 1932 படத்துல சாராயம் கடத்தின சிகாகோ தாதாவை, 1983-ல பிரையன் டி பால்மா மயாமியில கொக்கைன் விக்கிற கியூபா அகதியா மாத்தினாரு. குறைச்சா எடுத்தாரு? இன்னும் பத்து மடங்கு ஏத்தி எடுத்தாரு. அதுதான் வித்தியாசம்.

புதுசுன்னா ரசிகனுக்கு ஆகாதுங்கறது சுத்தப் பொய். 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்' 2015-ல வந்தது. பழைய ஹீரோ மெல் கிப்ஸன் இல்ல, டாம் ஹார்டி. ஹீரோவையே ஓரங்கட்டிட்டு ஒரு பொண்ணு வண்டி ஓட்டுது. தலையில வச்சுக் கொண்டாடினாங்களா இல்லையா? ஆறு ஆஸ்கார். ஏன்னா பழைய படங்களை எடுத்த அதே ஜார்ஜ் மில்லர் எழுபதை நெருங்கற வயசுல அதே வெறியோட எடுத்தாரு, 'ஆர்' சான்றிதழோட.

இன்னும் ஒண்ணு, 'டிரெட்'. காமிக்ஸ்ல அந்த ஆளு ஹெல்மெட்டையே கழட்ட மாட்டாரு. 1995-ல ஸ்டாலோன் கழட்டினாரு, ரசிகன் திட்டினான். 2012-ல கார்ல் அர்பன் படம் பூராவும் கழட்டல. வாயும் தாடையும்தான் நடிப்பு. வசூல் பெருசா இல்ல. ஆனா ரசிகன் இன்னிக்கு வரைக்கும் ரெண்டாம் பாகம் கேட்டுக்கிட்டு இருக்கான். படம் ஓடாட்டியும் கூடவே நிக்கிறான். இவனைப் போய் வீம்புக்காரன்னா எப்படி?

மூணாவது, சின்ன வயசுப் பாசம். வெறும் பாசம்னா ஒரு பெருமூச்சு விட்டுட்டுத் தூங்கிடுவான். இவங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? ரீமேக் வந்த அதே 2014 பிப்ரவரியில, அமெரிக்காவுல சுமார் ஐம்பது படக்காரங்க சேர்ந்து பழைய படத்தைக் காட்சி காட்சியா துண்டு போட்டுப் பங்கிட்டுக்கிட்டாங்க. ஒருத்தன் பொம்மலாட்டமா எடுத்தான், ஒருத்தன் நடனமா எடுத்தான், ஒருத்தன் கார்ட்டூனா வரைஞ்சான். எல்லாத்தையும் ஒட்டி ஒரு முழுப் படமா இணையத்துல இலவசமா விட்டாங்க. பேரு, 'அவர் (Our) ரோபோகாப் ரீமேக்', அதாவது 'நம்ம ரோபோகாப் ரீமேக்'. நாசம் பண்ணணும்னா நாங்களே பண்ணிக்கிறோம்ங்கிற தோரணை! சில துண்டுகளை வீட்ல குடும்பத்தோட உட்கார்ந்து பார்க்க முடியாது, எச்சரிச்சுட்டேன். ஆனா கோபத்துல இவ்வளவு உழைப்பை நான் வேற எங்கேயும் பார்த்ததில்ல.

டெட்ராய்ட்ல இன்னொரு கூத்து. 2011-ல யாரோ ஒருத்தர் மேயருக்கு ட்விட்டர்ல, 'ஃபிலடெல்ஃபியாவுல குத்துச்சண்டைப் படத்து ராக்கிக்கு சிலை இருக்கே, நமக்கு ரோபோகாப் சிலை வைங்க'ன்னு எழுதினாரு. அப்படி ஒரு திட்டமும் இல்லேன்னு மேயர் முடிச்சுட்டாரு. ஜனங்க துண்டு ஏந்தி 67,000 டாலருக்கு மேல திரட்டிட்டாங்க. வெண்கலத்துல 11 அடி. இடம் கிடைக்காம வருஷக் கணக்கா இழுபறி. கடைசியா 2025 டிசம்பர்ல ஈஸ்டர்ன் மார்க்கெட் பகுதியில நிறுத்திட்டாங்க. வேடிக்கை என்னன்னா, படத்துல பெரும்பகுதி எடுத்தது டெட்ராய்ட்லயே இல்ல, டெக்சஸ்ல டல்லாஸ்ல! தன்னைக் கேலி பண்ணின படத்தையே சொந்தமாக்கிக்கிட்ட ஊரு அது.

மணி அடிச்சுட்டீங்க, ஐயா. ஒரு நிமிஷம். நடிகருக்கு அசிங்கமா மெசேஜ் அனுப்புறவனையும் ரசிகன் கணக்குல சேர்த்து அக்கா பேசினாங்க. அவனை நீங்களே வச்சுக்குங்க, எங்க அணியில அவனுக்கு நாற்காலி கிடையாது.

எனக்கு அடுத்து வர்ற எதிரணித் தம்பிக்கு ஒரே ஒரு கேள்வி. 1987 படத்துல மர்ஃபியைக் கொன்ன ரவுடி பேரு கிளாரன்ஸ் பாடிக்கர். அந்த மூக்குக்கண்ணாடியும் நக்கல் சிரிப்பும் பார்த்தவனுக்கு இப்பவும் கண்ணுக்குள்ள நிக்கும். தம்பி, 2014 படத்துல மர்ஃபி கார்ல குண்டு வைக்கச் சொன்ன ரவுடி பேரு என்ன? படம் பார்த்தேன்னு வேற சொன்னீங்க. நடுவர் ஐயா, அவர் மேடைக்கு வர்றதுக்கு முன்னால போனை மட்டும் வாங்கி உங்க பைக்குள்ள போட்டுக்குங்க. நன்றி, வணக்கம்.